இடது இமையின் உயரம்

என் இடது கண் எப்போதும் கோபமாகத்தான் இருக்கும். நான் சிரித்துக்கொண்டிருந்தாலும் அது முறைத்துக்கொண்டுதான் இருக்கும். நான் பஸ்ஸில் ஏறினால் பெண்கள் இருக்கையில் உட்கார்ந்திருக்கும் ஆண்பிள்ளைகள் யாரும் சொல்லாமலே எழுந்துவிடுவார்கள். என் வீட்டுக்காரர் மகாதேவன் கல்யாணமான நாளிலிருந்து காலையில் காப்பியை வாங்கும்போது கேட்கிற முதல் கேள்வி, “என்ன கோபம்?” என்பதுதான். கோபமும் இல்லை ஒன்றும் இல்லை, ஆபரேஷன் என்று நானும் நாற்பத்தைந்து வருஷமாகச் சொல்லிக்கொண்டிருந்தேன். போன ஜூன் மாதம் வரைக்கும் அந்தப் பதில் சரியாகத்தான் இருந்தது.

பிறக்கும்போதே எனக்கு இடது இமை பாதி இறங்கியிருந்தது. பார்வையில் குறையில்லை, இமையைத் தூக்குகிற தசைக்குத்தான் வலு இல்லை. எதையாவது பார்க்க வேண்டுமென்றால் புருவத்தை நெற்றிக்கு ஏற்றி, மோவாயைத் தூக்கிப் பார்க்க வேண்டும். அப்பா இராஜமாணிக்கம் மத்திய அரசில் கிளார்க். டெல்லி கோல் மார்க்கெட் குவார்ட்டர்ஸில் பஞ்சாபிப் பிள்ளைகள் எனக்கு ‘பேகம் சாஹிபா’, அதாவது மகாராணி, என்று பெயர் வைத்திருந்தார்கள். ஒரு அமைச்சகத்தில் டைப்பிஸ்டாகச் சேர்ந்த பிறகு தலைக்கனம் பிடித்தவள் என்று பெயர். ஒருத்தர் முகத்தைப் பார்ப்பதற்கு நான் படுகிற பாடு இவர்களுக்குத் திமிராகத் தெரிந்தது. சாயங்காலம் வீட்டுக்கு வரும்போது நெற்றி விண்விண்ணென்று தெறிக்கும். யாரிடம் போய்ச் சொல்ல?

எனக்கு ஆறு வயதிருக்கும்போது அம்மா ஒரு விஷயத்தைக் கண்டுபிடித்தாள். தலை பின்னிவிடும்போது நான் குனிந்து மடியில் இருந்த ரிப்பனைப் பார்த்தால் இரண்டு கண்ணும் ஒன்றுபோல் இருந்தன. அந்தத் தசைக்கு ஏறவும் வராது, சரியாக இறங்கவும் வராது. கீழே பார்க்கும்போது நல்ல இமை இறங்கிவந்து அதற்குச் சமமாக நின்றுகொள்ளும். இந்த விளக்கமெல்லாம் பின்னால் டாக்டர் சொல்லித் தெரிந்தது. அம்மாவுக்குத் தெரிந்தது, குனிந்தால் குறை தெரியாது என்பது மட்டும்தான். அன்றிலிருந்து வீட்டுக்கு யார் வந்தாலும், “குனிஞ்சுக்கோட்டி” என்று விலாவில் ஒரு இடி விழும். இப்படியே வளர்ந்ததில் எனக்கு இரண்டு பார்வைதான் பழக்கம். ஒன்று தரையைப் பார்ப்பேன், இல்லாவிட்டால் மோவாயைத் தூக்கிக்கொண்டு பார்ப்பேன். நடுவில், மனுஷன் முகம் இருக்கிற உயரத்தில் நேராகப் பார்க்க எனக்கு வரவே வராது.

எழுபத்தெட்டாம் வருஷம் மாசி மாதம் மகாதேவன் வீட்டிலிருந்து பெண் பார்க்க வந்தார்கள். அவர் தபால் தந்தி இலாகாவில் வேலை, கரோல் பாக்கில் வாடகை அறை. அவருடைய அம்மா இதற்கென்றே பாளையங்கோட்டையிலிருந்து ரயிலேறி வந்திருந்தார். பெண் பார்க்கிற அன்று குனிந்த தலை நிமிராமல் இருப்பதுதான் எங்களில் மரியாதை. நான் அதை ஒழுங்காகச் செய்தேன். மாப்பிள்ளையிடம் நான் பார்த்தது அவருடைய காலுறையில் கட்டைவிரல் பக்கம் இருந்த ஓட்டை மட்டும்தான். டெல்லியில் வளர்ந்த பெண்ணுக்கு இவ்வளவு அடக்கமா என்று அவர் அம்மாவுக்கு ஒரே பூரிப்பு. அன்றைக்கே பூ வைத்துவிட்டுப் போனார்கள். இப்போது நினைத்தாலும் சிரிப்பு வருகிறது. நிமிர்ந்து பார் என்று ஒரு வார்த்தை கேட்டிருந்தால் அங்கேயே விஷயம் முடிந்திருக்கும். அவர்கள் கேட்கவில்லை, நாங்களும் வாயைத் திறக்கவில்லை.

சித்திரையில் நிச்சயதார்த்தம் முடிந்து, கரோல் பாக்கில் ஒரு ஸ்டுடியோவில் எங்களை ஜோடியாக உட்கார வைத்துப் படம் எடுத்தார்கள். விளக்கு வெளிச்சத்தில் புருவத்தைத் தூக்கித் தூக்கி எனக்குத் தலை வெடித்துவிடும்போல் இருந்தது. மகாதேவன் எழுந்து போய்ப் பானையிலிருந்து ஒரு தம்ளர் தண்ணீர் கொண்டுவந்து கொடுத்து, “தலைவலியா?” என்று மெதுவாகக் கேட்டார். இருபத்துநாலு வயது வரைக்கும் என்னை அப்படி ஒருத்தரும் கேட்டதில்லை. அம்மாகூடக் கேட்டதில்லை. அந்த ஒரு வார்த்தையில் நான் விழுந்துவிட்டேன். இதைச் சொல்ல எனக்கு இன்றைக்கு என்ன வெட்கம்?

படம் கழுவி வந்ததும் வீட்டில் பூகம்பம். “பொண்ணு கண்ணடிச்ச மாதிரில்லா இருக்கு” என்றார் மாமியாராக வர இருந்தவர். மறைத்துவிட்டோம், ஏமாற்றிவிட்டோம் என்று மகனையும் கூட்டிக்கொண்டு வீட்டுக்கே வந்து பேசினார். ஆவணியில் முகூர்த்தம். அதற்குள் ஆபரேஷன் செய்து கண்ணைச் சரிசெய்ய வேண்டும், இல்லாவிட்டால் பூவைத் திருப்பிவிடலாம் என்று முடித்தார். நான் உள்ளறையில் கதவை ஒட்டி நின்று கேட்டுக்கொண்டிருந்தேன். மாப்பிள்ளை என்ன சொன்னார் என்று அப்பாவிடம் கேட்டேன். அவர் பேசாமல் உட்கார்ந்திருந்தார் என்றார் அப்பா.

எனக்கு வந்த ஆத்திரத்தில் அந்தப் போட்டோவைக் கிழித்திருப்பேன். அவர் முகம் அதில் நன்றாக விழுந்திருந்ததால் விட்டுவிட்டேன். கண் சரியாகாவிட்டால் கல்யாணம் இல்லை என்பது அவர் அம்மாவின் வார்த்தையா, அவருடைய வார்த்தையும் அதுதானா? எனக்கு அது தெரிய வேண்டியிருந்தது. அவரை நேருக்கு நேர் பார்த்து இதைக் கேட்டுவிட வேண்டும், அதற்காகவாவது எனக்கு நேரான பார்வை வேண்டும் என்று நினைத்துக்கொண்டுதான் ஆபரேஷனுக்குச் சம்மதித்தேன்.

பெரிய அரசு மருத்துவமனை. கண் பிரிவில் வரிசை வராந்தாவைத் தாண்டி வெளியே வெயில் வரைக்கும் நின்றது. அங்கேயும் அம்மா பழக்கதோஷத்தில் குனிஞ்சுக்கோ என்றாள். எனக்குப் பொத்துக்கொண்டு வந்துவிட்டது. கண்ணைக் காட்ட வந்த இடத்திலும் குனியச் சொல்லுகிறாயே, உனக்குப் புத்தி இருக்கிறதா என்று சத்தம் போட்டேன். வெள்ளை உடுப்பில் ஒரு நர்ஸ் விடுவிடுவென்று வந்தாள். திட்டப்போகிறாள் என்று நினைத்தால், “நீங்க திருநெல்வேலிப் பக்கமா? இந்த ஏச்சக் கேட்டு ரெண்டு வருசமாச்சு” என்று சிரித்தாள். அவள்தான் அல்போன்சா. தூத்துக்குடிக்காரி, என்னைவிட இரண்டு வயது மூத்தவள். அரை மணி நேரத்தில் நீங்க நீயாகி, நீ ஏட்டியாகிவிட்டது.

டாக்டர் பாசின் நரைத்த தாடி வைத்த பெரியவர். என் புருவம் ஏறாதபடி கட்டைவிரலால் அழுத்திப் பிடித்துக்கொண்டு, கீழே பார், மேலே பார் என்று சொல்லி, சின்ன ஸ்கேலை வைத்து இமை எவ்வளவு நகர்கிறது என்று அளந்தார். ஆறு மில்லிமீட்டர். இதற்கு மூன்று வழி இருக்கிறது என்று இந்தியில் சொல்ல, அல்போன்சா எங்கள் தமிழில் அம்மாவுக்குச் சொன்னாள். இமை லேசாக இறங்கியிருந்தால் உள்பக்கமாகப் புரட்டிக் கொஞ்சம் வெட்டித் தைத்துவிடலாம், தழும்பே தெரியாது. என்னுடையது அதைத் தாண்டிவிட்டது. இரண்டாவது, தூக்குகிற தசையையே வெட்டிக் குறுக்கித் தைப்பது, நீளமான பாவாடையைப் பிடித்துத் தைக்கிற மாதிரி. மூன்றாவது, தொடையிலிருந்து நாடாபோல ஒரு சவ்வை எடுத்து இமையைப் புருவத்தோடு இணைத்துவிடுவது. அதைச் செய்தால் கண் திறக்க ஆயுசு முழுக்கப் புருவத்தைத் தூக்கிக்கொண்டே இருக்க வேண்டும்.

நாலு மில்லிமீட்டருக்குள் இருந்தால் புருவத்தோடுதான் கட்டியிருப்பேன், உனக்குத் தசையைக் குறுக்கிப் பார்க்கலாம், அது சரியாக நிற்காவிட்டால் மூன்றாவதுதான் என்றார். எந்தப் புருவத்தைத் தூக்கித் தூக்கி நான் செத்தேனோ, அதிலேயே கொண்டுபோய்க் கட்டுவேன் என்கிறார். முதல் தடவையே சரியாக நிற்க வேண்டும் என்று எனக்குத் தெரிந்த சாமிகளை எல்லாம் வேண்டிக்கொண்டேன். அல்போன்சா தன் பங்குக்கு மாதாவிடம் சொல்லுவதாகச் சொன்னாள்.

ஜூன் மாதம் இரண்டாவது வாரம் வார்டில் சேர்த்தார்கள். மறுநாள் காலையில் ஆபரேஷன். இமையில் மரத்துப்போக ஊசி போட்டார்களே தவிர என்னை மயக்கவில்லை. இமையை எந்த உயரத்தில் நிறுத்துவது என்பது ஆள் விழித்துக்கொண்டு நேராகப் பார்த்தால்தான் தெரியும், அதுதான் டாக்டரின் முறை. தையலைப் போட்டு, முடிச்சை இறுக்காமல் வைத்துக்கொண்டு, என்னைத் தூக்கி உட்கார வைத்தார். “சாம்னே தேக்கோ பேட்டி” என்றார். எதிரே பார்.

எனக்கு எதிரே பார்க்க வரவில்லை. ஒரு பெரிய மனுஷர் முகத்துக்கு முன்னால் உட்கார வைத்ததும் தலை தானாகக் குனிந்துகொண்டது. நிமிரச் சொன்னார். நிமிர்ந்தால் புருவமும் மோவாயும் சேர்ந்து ஏறிக்கொண்டன. புருவத்தை அழுத்திப் பிடித்துப் பார்த்தார்கள். பிடித்த கையை எடுத்ததும் மறுபடி ஏறியது. தரை, வானம், தரை, வானம். நானும் வேண்டுமென்றா செய்தேன்? இருபது வருஷத்துப் பழக்கம் கத்தி வைத்த மேசையில் போகுமா? டாக்டர் பொறுமைசாலிதான், ஆனால் ஊசியின் வேகம் குறைந்துகொண்டிருந்தது. இவளுக்கு நேராகப் பார்க்கவே தெரியவில்லை, இப்படியே கட்டினால் தப்பாகிவிடும், புருவத்தோடு கட்டுவதுதான் வழிபோலிருக்கிறது என்று பக்கத்திலிருந்த சின்ன டாக்டரிடம் சொன்னார். 

அப்போது அல்போன்சா டாக்டருக்குப் பக்கத்தில் என் எதிரே வந்து நின்றாள். முகக்கவசத்துக்கு மேல் கண் மட்டும்தான் தெரிந்தது. தமிழில் நிதானமாகச் சொன்னாள்.

“ஏட்டி வள்ளியம்மை, ஒன் மாப்பிள்ளை நேத்து சாயங்காலம் வார்டு வாசல் வரைக்கும் வந்தாவ. உள்ள வரல. ரெண்டு கண்ணும் ஒண்ணுபோல வருமான்னு டாக்டர்ட்ட கேட்டாவ. கொண்டாந்த லிச்சிப் பழத்தக்கூட ஒனக்குக் குடுக்காம எடுத்துட்டுப் போயிட்டாவ.”

என்ன சொல்ல! உச்சந்தலையில் நெருப்பு வைத்த மாதிரி இருந்தது. இந்தச் செய்தியை இந்த நேரத்தில் சொல்ல வந்தாளே என்று அவள் மேலே கோபம், அந்த ஆள் மேலே கோபம், அந்த லிச்சி மேலே கோபம். குனியவும் மறந்தேன், புருவத்தைத் தூக்கவும் மறந்தேன். அவள் கண்ணை நேராகப் பார்த்து முறைத்தேன். போதும், போதும், அப்படியே இரு என்று டாக்டர் இரண்டு முடிச்சையும் இறுக்கிவிட்டார்.

வார்டுக்குக் கொண்டுவந்த பிறகு கட்டுப் போட்ட கண்ணோடு நான் கேட்ட முதல் கேள்வி, நிஜமாகவே வந்தாரா என்பதுதான். அல்போன்சா என் தலையணையைச் சரிசெய்துகொண்டே, “சும்மா சொன்னேன்டி. ஒன்னய மொறைக்க வைக்க வேற வழி தெரியல” என்றாள். மாதா மேல் சத்தியம் பண்ணு என்றேன். மாதா மேலெல்லாம் அப்படிப் பொசுக்குப் பொசுக்கென்று சத்தியம் பண்ணக்கூடாது என்று சொல்லிவிட்டு, அடுத்த கட்டிலுக்கு மருந்து போடப் போய்விட்டாள். எவ்வளவு பக்தி என்று நினைத்துக்கொண்டேன். அன்றைக்கு எனக்கு வந்த நிம்மதியைச் சொல்லி முடியாது. வாசல் வரைக்கும் வந்து திரும்பிப் போகிறவர் இல்லை என் மாப்பிள்ளை. அதற்கு மேல் அவரிடம் கேட்க வேண்டியது ஒன்றும் இல்லை என்று முடிவு கட்டிவிட்டேன்.

கட்டுப் பிரித்தபோது இமை நின்றிருந்தது. வலது கண்ணைவிட ஒரு நூல் உயரமாகவே நின்றிருந்தது. கோபத்தில் வலது இமை கொஞ்சம் கூடுதலாக ஏறும், அந்த அளவுக்கு இடதில் முடிச்சுப் போட்டாகிவிட்டது, போகப்போக இறங்கும் என்றார் டாக்டர். பாதி இறங்கியது, மீதி அப்படியே நின்றுவிட்டது. தூங்கும்போது கண் முழுக்க மூடாமல் கீற்றாகத் திறந்திருக்கும். மாதக்கணக்கில் மருந்து தடவிக்கொண்டு படுத்தேன். போகட்டும், நெற்றிவலி அதோடு போயிற்று. மாமியார் கொஞ்சம் தயங்கினாலும், கண்ணடிக்கிறதுக்கு இது தேவலை என்று ஒத்துக்கொண்டார். ஆவணியில் கல்யாணம் நடந்தது. மணவறையில் முதல் தடவையாக மகாதேவன் முகத்தை நேராகப் பார்த்தேன். “என்ன கோபம்?” என்று கேட்டார். அது முதல் தடவை.

அதற்குப் பிறகு வந்த வருஷங்கள்தான் எனக்கு டெல்லி. ஞாயிற்றுக்கிழமை கோல் மார்க்கெட் பக்கத்துத் தேவாலயத்தில் பூசை முடித்துவிட்டு அல்போன்சா நேரே எங்கள் குவார்ட்டர்ஸுக்கு வந்துவிடுவாள். கல்யாணத்துக்குப் பிறகும் எங்களுக்கு அங்கேயே வீடு கிடைத்திருந்தது. டெட்டால் வாசனையோடு உள்ளே வந்து, செருப்பைக் கழற்றும்போதே ஜல்தி தோசையைப் போடு என்பாள். குளிர்காலத்தில் மொட்டைமாடி வெயிலில் பட்டாணி உரித்துக்கொண்டு ஊர்க்கதை பேசுவோம். மகாதேவன் அங்கே வந்து உட்கார்ந்தால் மட்டும் கொஞ்சம் பேச்சைக் குறைத்துக்கொள்வாள். கூச்சம் என்று நினைத்தேன். என் முகத்தை இரண்டு கையாலும் பிடித்துப் பார்த்து, இன்னும் என்னயத்தான் மொறைக்கிற என்று சிரிப்பாள். எண்பத்துநாலில் குவைத்துக்கு வேலைக்குப் போனாள். கிறிஸ்துமஸுக்கு வாழ்த்து அட்டை வரும். தொண்ணூறில் அங்கே சண்டை வந்தது, அதற்குப் பிறகு ஒன்றும் வரவில்லை. தூத்துக்குடி விலாசத்துக்கு எழுதிய கடிதமும் திரும்பி வந்துவிட்டது.

இப்போது வயசான காலத்தில் என் வலது இமை இறங்க ஆரம்பித்துவிட்டது. நல்ல கண் தளர்ந்துவிட்டது, ஆபரேஷன் பண்ணிய கண் அசையாமல் நிற்கிறது. போன ஜூனில், இப்போது நாங்கள் இருக்கிற முனிர்காவிலிருந்து ஆட்டோ பிடித்து ஒரு தனியார் கண் மருத்துவமனைக்குப் போனோம். பேத்தி வயதில் ஒரு டாக்டர். வலதில் கொஞ்சம் தோலை எடுத்துவிட்டுத் தசையை இறுக்கினால் போதும், கூடவே இடதையும் ஒரு மில்லிமீட்டர் இறக்கிவிட்டால் சாதுவான முகமாகிவிடும் என்று இந்தியில் சொன்னாள்.

பக்கத்து நாற்காலியிலிருந்து மகாதேவன், ரெண்டும் ஒண்ணுபோல வருமா என்று அவளிடம் கேட்டார். பிறகு என் பக்கம் திரும்பிச் சிரித்தார்.

“அன்னைக்கும் அந்தப் பெரிய டாக்டர்ட்ட நான் இதையேதான் கேட்டேன். ஒனக்குன்னு ஒரு கொத்து லிச்சி வேற வாங்கிட்டுப் போயிருந்தேன். உள்ள வந்து ஒன் மொகத்தப் பாக்கத் தைரியம் வரல. கரோல் பாக் பஸ்ல உக்காந்து நானே தின்னுட்டேன்.”

அவர் பாட்டுக்கு ஏதோ பழைய வேடிக்கையைச் சொல்லுகிற மாதிரிச் சொன்னார்.  அல்போன்சா அன்றைக்குச் சொன்னது நிஜம். சும்மா சொன்னேன் என்றாளே, அதுதான் பொய். அதற்குத்தான் சத்தியம் பண்ண மாட்டேன் என்றாள், அதற்குத்தான் மொட்டைமாடியில் இவரைக் கண்டால் பேச்சைக் குறைத்தாள். என் கல்யாணம் நிற்கக்கூடாது என்று ஒரு பொய்யைச் சொல்லி, அதை ஆறு வருஷம் எங்கள் வீட்டுத் தோசையோடு விழுங்கியிருக்கிறாள் பாவி.

நான் அவரை நேராகப் பார்த்தேன். வழக்கம்போல, “என்ன கோபம்?” என்றார்.

“வராதுன்னு அன்னைக்கு டாக்டர் சொல்லியிருந்தா என்ன பண்ணியிருப்பிய?”

அவர் சிரிப்பு மெல்ல நின்றது. கைத்தடியின் பிடியைத் தடவினார். டாக்டர் பெண் எங்கள் இருவரையும் மாறி மாறிப் பார்த்தாள். இவர் ஏதாவது சமாளித்துச் சொல்லுவார் என்று நினைத்தேன்.

“அப்ப எனக்கு இருபத்தேழு வயசு, வள்ளி. தெரியல” என்றார்.

நாற்பத்தைந்து வருஷம் கழித்து எனக்குப் பதில் கிடைத்துவிட்டது. வலித்தது. நன்றாகவே வலித்தது. ஸ்டுடியோவில் தண்ணீர் கொண்டுவந்து கொடுத்தவரும் இவர்தான், வாசலிலிருந்து திரும்பிப் போனவரும் இவர்தான். இரண்டு பேரோடும் சேர்த்துத்தான் நான் குடும்பம் நடத்தியிருக்கிறேன். டாக்டரிடம் திரும்பி, இடது இமையைத் தொடவே கூடாது, வலதை அதன் உயரத்துக்குத் தூக்கி வைத்துவிடம்மா என்று சொன்னேன். இரண்டும் கோபமாகத் தெரியுமே ஆன்ட்டி என்றாள். தெரியட்டும் என்றேன்.

வெளியே வந்தால் கேட்டை ஒட்டி லிச்சி வண்டி. நான் நின்றேன். சொல்லாமலே அவர் போய் ஒரு கொத்து வாங்கி, இலையோடு என் கையில் கொடுத்தார். ஆட்டோவில் ஏறி உட்கார்ந்து முதல் பழத்தை உரிக்கும்போது அல்போன்சாவை நினைத்து அழுகை வந்துவிட்டது. எங்கே இருக்கிறாளோ, இருக்கிறாளோ இல்லையோ. முனிர்கா வந்து சேர்வதற்குள் அவ்வளவு பழத்தையும் நானே தின்று முடித்தேன். அவருக்கு ஒன்றுகூடக் கொடுக்கவில்லை. அவரும் கேட்கவில்லை, கொட்டைகளுக்காகக் கையை மட்டும் நீட்டிக்கொண்டு வந்தார்.